நாற்பத்தோராம் அடி

வீடு வாங்க வருகிறவர்கள்
முதலில் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள்.
என்னைக் கூப்பிடும்போது
பாதி பேரம் முடிந்திருக்கும்.

என் தொழில் இவ்வளவுதான்:
கழிவுநீர்க் குழாய்க்குள் கேமராவை விட்டு
தெருச் சாக்கடை வரை தள்ளிக்கொண்டு போவது.
நூற்று எண்பது டாலர். ரசீது உண்டு.

டொலீடோவில் மார்ச் கடைசி.
பனி உருகி வாசலெல்லாம் சேறு.
லாக்வுட் தெருவில் இரட்டைக் குடித்தன வீடு,
விலை எழுபத்தெட்டாயிரம்.
வாங்க வந்தவள் ரெனாட்டா ஸ்விடெர்ஸ்கி.
நகரப் பேருந்துகளுக்கு பிரேக் மாற்றுகிறவள்,
நகக்கண்ணில் கிரீஸ்,
கையில் ஒரு பழைய பேருந்து அட்டவணை.
அதன் பின்பக்கத்தில்தான் கணக்கு.

இரண்டு வாடகையும் சேர்ந்து ஆயிரத்து இருநூற்றைம்பது.
வரி. காப்பீடு. தண்ணீர்.
ஆள் இல்லாமல் கிடக்கப்போகும் மாதத்துக்கு ஒரு பங்கு,
உடையப்போகும் ஏதோ ஒன்றுக்கு ஒரு பங்கு,
வங்கித் தவணை.
கழித்துக் கழித்துக்
கடைசி வரியில் நூற்றுப் பதினொன்று.
அதற்குக் கீழே இரண்டு கோடு.

"கீழ்வீட்டில்தான் பணம் இருக்கிறது"
என்றார் தரகர் ஹாலன்பெக்.
"ஐந்நூற்றைம்பது கொடுக்கிறான், இந்தத் தெருவில்!
நோட்டீஸ் கொடு, சுவருக்குச் சாம்பல் நிறம் அடி,
எண்ணூற்றைம்பதுக்கு வரிசையில் நிற்பார்கள்."
அவர் வாயில் முந்நூறு டாலர்
மாதாமாதம் பூத்துக்கொண்டிருந்தது.

சோதனைக்குத் தண்ணீர் ஓடவேண்டும்.
கதவைத் தட்டினேன்.
கண்ணாடித் தொழிற்சாலையில் இராத்திரி வேலை பார்க்கும்
ஆர்வில் டிப்ஸ்
தூக்கம் கலைந்த முகத்தோடு
நான் சொன்னபோதெல்லாம் கழிப்பறைச் சங்கிலியை இழுத்தார்.
மூன்றாவது தடவை, கேட்காமலே சொன்னார்:
"நாற்பதடி தாண்டி நிற்கும், பாருங்கள்."

நாற்பத்தோராம் அடியில் நின்றது.
திரையில் முடிக்கற்றை போல வேர்கள்,
களிமண் குழாயின் மூட்டைப் பிளந்து
பக்கத்து வீட்டு மேப்பிள் மரம்
தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.
யாரும் அதனிடம் வாடகை கேட்டதில்லை.

"ஒவ்வொரு பிப்ரவரியும் நிலவறையில் முழங்கால் அளவு ஏறும்.
நானே இயந்திரம் வாடகைக்கு எடுத்து வெட்டிவிடுவேன்.
பதினோரு வருஷமாச்சு.
வீட்டுக்காரர் வாடகையை ஏற்றவில்லை,
நானும் வாயைத் திறக்கவில்லை."

ஹாலன்பெக் செல்பேசியைப் பார்த்தார்.
ரெனாட்டா அட்டவணையைப் பார்த்தாள்.
தோண்டி மாற்ற ஒன்பதாயிரத்து நானூறு என்றேன்.
நூற்றுப் பதினொன்றால் வகுத்தாள்,
பென்சிலை நக்கி, உதடு அசைய.
ஏழு வருடம்.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி ஏழு வருடம்.

பிறகு அவள் செய்ததுதான் எனக்குப் புரியவில்லை.
விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.
ஐந்நூற்றைம்பதை வட்டமிட்டு
பக்கத்தில் 'சம்பளம்?' என்று எழுதினாள்.
அறுபத்தெட்டாயிரம் தருகிறேன்,
அவர் இருக்கட்டும், அதே வாடகையில்,
குழாயை மட்டும் நான் மாற்றுகிறேன் என்றாள்.
ஹாலன்பெக் சிரித்த சிரிப்பில்
காபி மூக்கில் ஏறிவிட்டது.

ஃபீனிக்ஸிலிருந்து ஒருவர்
படம் பார்த்தே எண்பத்தொன்றுக்கு முடித்தார் என்று
பிறகு கேள்விப்பட்டேன்.
கணக்கு தப்பென்று சொல்ல முடியாது.
கணினியில் போட்டிருப்பார், நிறமெல்லாம் கொடுத்து.

ரெனாட்டா இன்னும் வாங்கவில்லை.
ஆறு வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனாள்,
ஆறுக்கும் காசு கொடுத்தாள்.
ஆயிரத்து எண்பது டாலர்
குழாய்க்குள் போனதுதான் மிச்சம் என்று
அவள் மைத்துனன் கேலி செய்கிறான்.
அவன் சொல்வதும் சரியாக இருக்கலாம்.

இந்தப் பிப்ரவரியில்
ஃபீனிக்ஸ் எண்ணிலிருந்து அழைப்பு.
லாக்வுட் தெரு. அவசரம். நாற்றம்.
கீழ்வீடு சாம்பல் நிறத்தில், காலியாக.
நிலவறைப் படியில் நின்று கேமராவை விட்டேன்.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.

எவ்வளவு ஆகும் என்றார் காதுக்குள்.
பார்க்க இருநூறு என்றேன்.
போன வருடம் நூற்று எண்பது.