வியாழன், எட்டரை மணி

கேஸை மூடினேன்.
பால்கனிக் கொடியில் கிடந்த துணி எல்லாவற்றையும்
எடுத்து மடித்தேன்.
ஒன்பது நாள் பால் வேண்டாம் என்று
கதவில் சீட்டு ஒட்டினேன்.
டாக்ஸி கீழே ஹாரன் அடித்த பிறகுதான்
டிவிக்கு அடியில் இருக்கும் பெட்டியிடம் வந்தேன்:
திங்கள் முதல் வெள்ளி
இரவு எட்டரை
அரை மணி நேரம்.
சிவப்புப் புள்ளி ஒருமுறை சிமிட்டியது.
ஆகட்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

பிகானேரில் மேகம் என்று ஒன்று கிடையாது.
வங்கிக் கிளையின் பெட்டக அறையில்
அடகு நகைப் பைகளைப் பிரித்துப் பிரித்து
நானும் வரதராஜுலுவும் எடை போட்டோம்.
ஏட்டில் பதினெட்டு கிராம், தராசிலும் பதினெட்டு.
அடுத்தது.
தணிக்கைக்காரிக்கு ஊர் எதுவானாலும்
இதே வேலைதான்.

ராத்திரி எட்டரைக்கு
விடுதி அறையில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன்.
இந்நேரம் மடிப்பாக்கத்தில்
பூட்டிய வீட்டுக்குள்
திரை இருட்டாகவே இருக்க
தொடர் ஆரம்பித்திருக்கும்.
கோகிலா யாருக்கும் கேட்காமல் அழுவாள்.
மாமனார் யாருக்கும் தெரியாமல் பத்திரத்தை மாற்றுவார்.
கல்லூரிக்கு நான் மட்டம் போட்ட நாட்களில்
எனக்கும் சேர்த்துக் குறிப்பெடுத்த
முன்பெஞ்சு ஜமுனாவைப் போல
பெட்டி ஒரு வார்த்தை விடாமல்
எழுதிக்கொண்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை
எதிர் ஃபிளாட் ஜெஸிந்தா கூப்பிட்டாள்.
"நேத்து என்னா மழைடி!
பார்க்கிங்கில முழங்கால் தண்ணி.
உன் ஸ்கூட்டரை நானும் வாட்ச்மேனும்
மேட்டுக்குத் தள்ளி விட்டோம்.
அப்புறம், மூணு வருஷம் இழுத்த கேஸ்ல நேத்து தீர்ப்பு..."
"சொல்லாதே!"
கட் பண்ணிவிட்டேன்.
நன்றி சொல்ல மறந்ததற்கு
ரெண்டு பாக்கெட் புஜியா வாங்கினேன்.

திரும்பி வந்தபோது
தெருவில் பழைய வெயில்.
காம்பவுண்டுச் சுவரில் மட்டும்
பழுப்பாய் ஒரு கோடு.
இதுவரைக்கும் வந்தேன் என்று
தண்ணீர் கையெழுத்துப் போட்டிருந்தது.

பையைப் பிரிக்கவில்லை.
ரிமோட்டை எடுத்தேன்.
திங்கள், பழுதில்லை.
செவ்வாய், பழுதில்லை.
புதனன்று கோகிலாவின் கன்னத்தில்
இரண்டொரு சதுரம்.
வியாழன்:
நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்கிறார்,
"இந்த நீதிமன்றம்" என்கிறார்,
வாய் ஒரு பக்கம் கண் ஒரு பக்கம்
முகம் கட்டம் கட்டமாய்க் கலைகிறது,
பிறகு நீலம்.
சிக்னல் இல்லை. உங்கள் டிஷ்ஷைச் சரிபார்க்கவும்.

இருபத்திரண்டு நிமிடம் நீலம்.
இன்வெர்ட்டர் உயிர் கொடுக்க
பெட்டி அதையும் விடாமல் எழுதியிருக்கிறது.
ஓட்டிவிடத்தான் விரலை வைத்தேன்.
வைத்தபடியே இருந்துவிட்டேன்.
மொட்டைமாடித் தட்டில் அடித்த அத்தனை மழையும்
சத்தமில்லாமல்
என் ஹாலில் பெய்துகொண்டிருந்தது.

பதினான்காம் நிமிடம்
ஒரு நகைக்கடைக்காரி அரை வாயால் சிரித்து மறைந்தாள்.
அங்கே மழை கொஞ்சம் விட்டிருக்க வேண்டும்.
அந்த இடைவெளியில்தான் இருவரும் இறங்கிப்போய்
என் ஸ்கூட்டரைத் தள்ளியிருக்க வேண்டும்.
தராசில் போட்டுப் பார்த்தேன்.
சரியாக வந்தது.

ஜெஸிந்தா வந்து புஜியாவை உடைத்தாள்.
அவளுடையது கேபிள், தீர்ப்பு நாக்கு நுனியில் இருந்தது.
"அது இருக்கட்டும், இதைப் பார்"
என்று நீலத்தைக் காட்டினேன்,
பதினான்காம் நிமிடத்தைக் காட்டினேன்,
ஸ்கூட்டர் கணக்கைச் சொன்னேன்.

"போடி, அது பத்து மணிக்கு மேல.
இந்த நேரத்துல நான் ஜன்னல்கிட்ட நின்னு
உன் பால்கனியைத்தான் பார்த்துட்டிருந்தேன்.
துண்டு ஒண்ணு
கொடியிலேயே நனைஞ்சிட்டிருந்துச்சு.
எடுக்கலாம்னா சாவி இல்லை."

எல்லாவற்றையும் எடுத்திருந்தேனே.

எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன்.
கொடியின் கோடியில், தூணுக்குப் பின்னால்
நீலத் துண்டு.
நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து
அப்பளம் போல விறைத்திருந்தது.
கையில் எடுத்தேன்.
கொடி இல்லாமலே
அது மடிந்தபடி நின்றது.