வியாழன், எட்டரை மணி

ஜப்பானில் நள்ளிரவு ஆகும்போது
இங்கே கேத்தி பாலாடாவில் எட்டரை.
சப்டைட்டில் வர இன்னும் ஒரு மணி நேரம்.
அதற்குள் சோறு வடித்து
முட்டைக்கோஸ் தாளித்து
சாக்ஸ் இரண்டு ஜோடி மாட்டிக்கொண்டு
கம்பளிக்குள் நுழைந்துவிடுவேன்.
போனில் சார்ஜ் எழுபத்தொன்று.
சிக்னல், ஜன்னலின் இடது மூலையில் மட்டும்.

இந்தப் பருவத்தில் மூன்று அனிமே பிடித்தேன்.
ஒன்றை முதல் வாரமே விட்டாயிற்று:
பள்ளிக்கூடத்துப் பையன் செத்து
வேறு உலகத்தில் ராஜாவாகப் பிறக்கிறான்.
ஏன், ஒருத்தனாவது
கேரட் கழுவப் பிறக்கக் கூடாதா என்று
நிரோஷாவுக்குக் குரல் அனுப்பினேன்.
சேரம்பாடியிலிருந்து சிரிப்பு மட்டும் வந்தது,
பின்னால் மழை.

அடுத்தது மேசைப்பந்து.
பந்து வலையைத் தாண்ட ஒரு வாரம் ஆகிறது.
அடிப்பவன் பழையதை நினைப்பான்,
எதிராளி பழையதை நினைப்பான்,
நடுவருக்கும் ஒரு சோகக் கதை இருக்கும்.
திட்டிக்கொண்டே பார்க்கிறேன்.

மூன்றாவதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறாள் கசுனே.
ராத்திரி இரண்டுக்கு எழுகிறாள்.
சாலையைத் திறக்கிறாள்.
விடிந்ததும் அதில் எல்லோரும் போகிறார்கள்.
அவ்வளவுதான் கதை.
நாலாம் பாகத்தில் எட்டு நிமிடம் யாரும் பேசவில்லை,
வைப்பர் மட்டும் போய் வந்தது.
நிரோஷா தூங்கிவிட்டாளாம்.
"உனக்கென்னக்கா, நீயும் ரெண்டு மணி ஆளு."

உண்மைதான்.
இரண்டுக்கு எனக்கும் அலாரம்.
மிஷின் உருள, மண் உரிந்து
கேரட் சிவந்து சிவந்து விழும்.
மூட்டை தைக்க வேண்டும், மேட்டுப்பாளையம் லாரிக்கு.
நனைந்த விரல் ஊசியைப் பிடித்திருக்கிறதா என்று
கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.
ஆறாம் பாகத்தில் கசுனே
கையுறையைப் பல்லால் கழற்றினாள்.
கையால் இல்லை. பல்லால்.
வரைந்தவர் யாரோ
குளிரில் வேலை பார்த்தவர்.
இரண்டு முறை பின்னால் தள்ளிப் பார்த்தேன்.

ஒரு குறை உண்டு: மூச்சு.
வாயிலிருந்து வரும் ஆவி
அதில் எல்லோருக்கும் ஒரே உருண்டை.
பீடி பிடிக்கும் பெள்ளி அண்ணன் மூச்சு வேறு,
மூட்டை இறக்கியவன் மூச்சு வேறு,
அழுது முடித்தவள் மூச்சு
கீழ்நோக்கி விழும்.
எங்கள் குண்டு பல்பின் அடியில் வந்து
ஒரு ராத்திரி நில்லுங்கள், தெரியும்.

ஒன்பதாம் வாரம் பாகம் வரவில்லை.
"தயாரிப்புக் காரணங்களால்" என்று ஒரே வரி.
பதிலுக்குப் பழைய காட்சிகளை ஒட்டிப் போட்டார்கள்.
ஏழு நாள் காத்தவளுக்கு மிச்சச்சோறா?
கெட்ட வார்த்தை ஒன்றை டைப் செய்து
அனுப்ப ஆளில்லாமல் அழித்தேன்.

அன்று ராத்திரி உறைபனி.
ஓடையோரப் புல் மிதித்தால் முறிந்தது.
லாரிக்காரன் கத்தினான், இன்னும் எத்தனை மூட்டை?
நாற்பது என்றேன். விரல் மடங்கவில்லை.
மணி மூன்று; அங்கே ஆறரை.
யாரோ ஒருத்தி மேசை விளக்கின் கீழே
அந்த உருண்டை மூச்சை
நாற்பதாவது தடவை வரைந்துகொண்டிருப்பாள்.
அவள் வாசலிலும் ஒரு லாரி
ஹாரன் அடிக்கும்.

காலையில் பூட்டைத் திறந்து
கசுனே சொல்வதுபோலவே சொன்னேன், "ததய்மா".
வீடு வந்துவிட்டேன் என்று அர்த்தம்.
பக்கத்து அறை ஷைலஜா எட்டிப் பார்த்தாள்.
"தத்தையம்மாவா? யாரது?"
பறந்துபோச்சு என்றேன்.

இப்போதைக்குப் பத்துக்கு ஏழு.
மூச்சைத் திருத்தினால் எட்டு.
மெதுவாக வரட்டும், அவசரமில்லை என்று
எழுத ஆசைதான்.
அவசரம்.