அந்த இட்டு

திருவாரூர், பயிர்க் காப்பீட்டு அலுவலகம்.
வாக்குமூலங்களை ஆங்கிலமாக்குவது என் வேலை.

மழ பேஞ்சுது, என்றார் குணவதி.
தமிழில் மழையே வந்து மழையே பெய்துவிடும்.
ஆங்கிலத்தில் முன்னால் யாராவது நிற்க வேண்டும்,
யாருமே இல்லையென்றாலும்.
'இட்' என்று போட்டேன்.

வாசித்துக் காட்டும்போது நிறுத்தினார்.
யாரு சார் அது, அந்த இட்டு?
யாருமில்லைங்க.
வேல ஏதும் பாக்காதா?
பார்க்காது. இடம் பிடித்திருக்கும், அவ்வளவுதான்.

வயலில் இப்போது ஒன்றுமில்லை:
இந்த வரிக்கு ஒரு 'தேர்'.
எங்கள் ஊர்த் தேர் மாதிரியே ஒலிக்கும்.
சாமி ஏறாத தேர்,
வாக்கியத்துக்கு முன்னால் சும்மா அசைந்து போகும்.

ஒன்பது மா சம்பா, பால் பிடிக்கும் பருவம்,
ஏழு நாள் தண்ணீருக்கடியில்.
இந்த இடத்தில் ஐயோ என்றார்,
ஒரே தரம், மெதுவாக.
அந்தச் சொல்லைக் காற்புள்ளி போட்டு
வாக்கியத்துக்கு வெளியே உட்கார வைப்பது இலக்கணம்.
உட்கார வைத்தேன்.
மேலாளர் சிவப்பு மையில் அடித்தார்.

நிலம் யார் பெயரில்?
பட்டா அம்பத்தூரில் இருக்கிற ஒருவர் பெயரில்.
விதை விட்டது, நாற்றுப் பறித்தது, களையெடுத்தது,
நடுராத்திரியில் வரப்பை வெட்டித் தண்ணீரை வடியவிட்டது
குணவதி.
பணம் பட்டாவுக்குப் போகும்.

பேனாவை வாங்கிக்கொண்டு
கையெழுத்துப் போடும் கட்டத்தைத் தேடினார்.
தேடிக்கொண்டே கேட்டார்:
அப்ப இவருதானா சார், அந்த இட்டு?

எனக்கு இரண்டு மொழி தெரியும்.
ம், என்றேன்.