பதினேழாம் பக்கம்

தொண்டி பஸ் நிலையத்துக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை.
மெஷினுக்கு வைத்த சந்தனப் பொட்டு
காய்ந்து உதிராத வாரம்
லூர்துக்கனி டீச்சர் முதலில் வந்தார்.
பின் அடிக்காதீங்க தம்பி,
இந்தக் காத்துல ஒரு மழைக்குள்ள துருப்பிடிச்சு
எழுத்தைத் தின்னுரும், என்றார்.
பையிலிருந்து வலை பின்னும் நூலும் கோணி ஊசியும் எடுத்து
நூற்றுப்பத்துப் பக்கத்தை
நின்றவாக்கில் தைத்தார்.

அப்புறம் இருபத்தாறு வருஷம். எவ்வளவு தாள்!
தெருவில் செருப்போடு நடந்ததற்கு
ஊர் வாங்கிய அபராதத்தின் ரசீது.
டீக்கடைத் தனிக்குவளை பற்றி ஒரு புகார்,
ஓரத்தில் பச்சை மையில்
'விசாரித்ததில் உண்மையில்லை'.
உப்பளத்தில் கண் போன பெண்களின் மனு:
ஒரே மனு, ஏழு கலெக்டர்கள்.
கைநாட்டு சரியா விழலையே என்றேன்.
ரேகை இருந்தாத்தானே விழும், உப்பு வாரின விரல்.
இதுல ஒண்ணு எங்கம்மா.
எதுன்னுதான் தெரியல.

அரசுக் கல்லூரி அவரை ஆறு ஊருக்கு மாற்றியது.
பல்கலைக்கழகம் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பியது,
இது வரலாறு அல்ல, வழக்குக்கட்டு என்று.
அந்தக் கடிதத்தையும்
மூன்று பிரதி எடுத்துக்கொண்டார்.

கொத்தன்குடா ஊருணி வழக்கு
ஓர் ஐப்பசியில் வந்தது.
பஞ்ச வருஷத்தில் ஊருணியில் குடம் முக்கியதற்குப்
பத்தொன்பது குடிசை எரிந்த வழக்கு.
சாட்சிகள் பிறழ்ந்து
எல்லோரும் வீட்டுக்கு வந்த வழக்கு.
பக்கம் பதினேழு.
ஆறாவது எதிரி: வில்லாயுதம், த/பெ கூரிச்சாத்தான்.
என் அப்பா.
கடைப் பலகையில் என் பெயருக்கு முன்னால் நிற்கிற 'வி'.

அந்தத் தாளை மட்டும்
கல்லாப்பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்தார்.
பதினேழு இல்லையே தம்பி.
மெஷினுக்குள்ள மாட்டியிருக்கும் டீச்சர்.
மெஷினைப் பார்த்தார்.
நிமிர்ந்து பலகையைப் பார்த்தார்.
மழை வருது, சீக்கிரம் எடுங்க, என்றார்.
தேடுவதுபோல் தேடி எடுத்தேன். கவிழ்த்து வைத்தேன்.
பச்சை வெளிச்சம் அப்பாவின் மேல்
ஒருமுறை போய்த் திரும்பியது.
எழுபத்தைந்து பைசா கொடுத்தார்.
வாங்கிக்கொண்டேன்.

தை பிறந்ததும் நானேதான் சொன்னேன்:
அப்பா போய் ஒன்பது வருஷமாச்சு,
கேக்கணும்னா கேளுங்க.
டேப் ரெக்கார்டரைக் கடற்கரைக்கு எடுத்து வந்தார்.
அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து
உங்க அப்பா என்ன சொன்னார்?
அப்போது எனக்கு ஆறு வயது. ஞாபகம் இருந்தது.
வாய்தான் வரவில்லை.
எங்கள் பக்கம் பெண்கடல்.
கீழக்கரைக் கடலென்றால்
அலையாவது இடையில் எதையாவது சொல்லும்.
இது சும்மா கிடந்தது, கிண்ணத்து நீர் மாதிரி.
நாடா சுற்றிக்கொண்டே இருந்தது.
அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை,
பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

கடைசியில் சொன்னேன்:
வெந்நீர் கேட்டார். கை கழுவ.
அந்த ஊருணித் தண்ணியத்தான்
அம்மா காய்ச்சி ஊத்துச்சு.

புத்தகம் வர இன்னும் நான்கு வருஷம் ஆனது.
மதுரையில் சின்ன அச்சகம், முந்நூறு பிரதி.
அதில் அப்பா பெயர் இருந்தது,
தாத்தா பெயரோடு, பிழையில்லாமல்.
சித்தப்பா கடை வாசலில் வேட்டியை மடித்துக் கட்டி நின்றார்.
பெத்தவன எவ்வளவுக்குடா வித்த?
எழுபத்தஞ்சு பைசா, என்றேன்.
ஷட்டரை ஓங்கி உதைத்துவிட்டுப் போனார்,
நெளிவு இன்னும் இருக்கிறது.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
அடைப்புக்குள் ஒரு வரி:
(மௌனம். பதினோரு நிமிடம்.)
அதற்குக் கீழே வெந்நீர்,
நான் சொன்ன பேச்சிலேயே.

நன்றியுரையில் என் பெயரைத் தேடினேன். இல்லை.
அச்சகத்தாருக்கு இருந்தது,
திருவாடானை கோர்ட் குமாஸ்தாவுக்கு இருந்தது.
இருபத்தாறு வருஷம் நகலெடுத்தவனுக்கு இல்லையா என்று
ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.
அவரும் விளக்கம் சொல்லவில்லை.
தாள் கொண்டுவந்தார், தைத்தார், போனார்.

பின்னொரு மத்தியானம், கரண்ட் இல்லாத நேரம்,
கடைசிப் பக்கங்களைச் சும்மா புரட்டினேன்.
சாட்சிகள் என்றொரு பட்டியல்.
நாற்பத்து மூன்றாவதாக இருந்தேன்.