குதிரை மட்டும்

டர்பனில் அதைக் குதிரை என்றுதான் சொல்வார்கள்.
லாரியின் தலைப்பாகம். இன்ஜின், இரண்டு கதவு,
பின்னால் தூங்க ஒரு பலகை.
மாட்டி இழுக்கிற டிரெய்லர் கம்பெனியுடையது.
குதிரை எங்களுடையது.
இன்னும் நாற்பத்தொரு தவணைக்கு
வங்கியுடையதும்.

பேஹெட் சாலையில் டிரெய்லரைக் கழற்றிவிட்டபோது
மணி 6.12. சீட்டில் முத்திரை இருக்கிறது.
6.12 வரை குணசீலன் கம்பெனியின் ஆள்,
அவர் செய்யும் சேதமெல்லாம் கம்பெனியின் சேதம்.
6.13க்கு அவர்
தையல் கடை வாசலில் நிற்கும் மனைவியை
அழைத்துவரப் போகும் யாரோ ஒருவர்.
இந்த ஒரு நிமிட வித்தியாசத்தை
நான்கு பக்கக் கடிதத்தில்
மரியாதையாக விளக்கியிருந்தார்கள்.

மழை. ஹிக்கின்சன் நெடுஞ்சாலையின் இறக்கம்.
பாரம் இருந்தால் டயர் தாரைக் கவ்வுமாம்.
வெறும் குதிரை பிரேக்கை மிதித்தால்
பின்பக்கம் துள்ளி, பக்கவாட்டில் வழுக்குமாம்.
"நிற்பதற்கும் கனம் வேண்டும்" என்றார்
ஆஸ்பத்திரி பெஞ்சில், ஈரச் சட்டையோடு.
அவருக்கு ஒரு கீறலும் இல்லை.

முன்னால் போனது திருமதி டூமாவின் பழைய பக்கி.
அதில் கூண்டு கூண்டாக உயிர்க்கோழிகள்,
சாட்ஸ்வொர்த் சந்தைக்கு.
அந்தம்மாவின் தோளெலும்பு இரண்டு இடத்தில்.
கோழிகள் நாற்பத்தாறு செத்தன;
மற்றவை நெடுஞ்சாலையில் நடந்து போயின,
மூன்று தடத்திலும் வண்டிகள் காத்து நின்றன.
அதைச் சொல்லும்போது சிரித்துவிட்டார்.
பிறகு வெகுநேரம் பேசவில்லை.

படிவத்தில் ஒன்பதாவது கேள்வி:
விபத்து நேரத்தில் யாருடைய வேலையாக ஓட்டினீர்கள்?
என் பெயரை எழுதுவதா?
அன்று 6.40க்கு பஸ்ஸும் இருந்தது.

கம்பெனி காப்பீடு: டிரெய்லர் இல்லை, உத்தரவு இல்லை,
ஆகவே பொருந்தாது.
எங்கள் காப்பீடு: டிரெய்லரற்ற ஓட்டத்துக்கான பொறுப்பு
தேர்ந்தெடுக்கப்படவில்லை.
கூடவே, சேதம் பார்க்க வந்தவருக்கான கட்டணச் சீட்டு.
குதிரை கீழே தள்ளியதுமல்லாமல்
குழியும் பறித்ததாம் என்று
என் அக்கா போனில் சொன்னாள்.
யார் பறித்த குழி என்று
அவளுக்குத் தெரியாது.

மார்ச் மாதம். கணக்கு நோட்டு என் மடியில்.
காப்பீட்டு ஏஜென்ட் பிரனீஷா போனில் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.
திருட்டு? வேண்டும். தீ? வேண்டும்.
டிரெய்லர் இல்லாமல் ஓட்டும்போது?
மாதம் அறுநூற்று எழுபது ரேண்ட்.
அந்த வாரம்தான் இரண்டு டயர் மாற்றியிருந்தோம்.
டிரெய்லர் இல்லாமல் அவர் எங்கே போகப் போகிறார்,
வீட்டுக்குத்தானே, என்றேன்.
ஆமாம் ஆன்ட்டி, வீட்டுக்குத்தானே, என்றாள் அவளும்.
அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

டூமாவின் மகன் வெள்ளிதோறும் கூப்பிடுகிறார்.
குரல் உயர்த்துவதில்லை.
முதலில் நலம் விசாரிப்பார், பிறகு தொகை.
கோழிக்குக் கொடுத்துவிட்டோம்.
தோளுக்கு எண்பத்திரண்டாயிரம்.
என் வளையல்கள் போன இடம் அவருக்குத் தெரியும்,
நன்றி சொன்னார்.

ஞாயிறு இரவு குணசீலன் கண்ணாடி போட்டுக்கொண்டு
பாலிசியைத் தாள் தாளாகப் படித்தார்.
விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது.
அந்தக் கட்டத்தில் நின்றது.
மேலும் கீழும் என் கையெழுத்து,
ஏழுக்கு நடுவே கோடு போடும் என் பழக்கம்.
தாளைத் திருப்பினார்.
"பால் இருக்கிறதா?" என்று கேட்டார்.
இருக்கிறது என்றேன்.
இல்லை.

இந்த மாதத்திலிருந்து கட்டுகிறோம்,
அறுநூற்று எழுபது இப்போது தொள்ளாயிரத்துப் பத்து.
இனி 6.13க்கும் அவருக்காகப் பதில் சொல்ல
எங்கோ ஒரு அலுவலகம் இருக்கிறது.
கடை வாசலில் வந்து நிற்கட்டுமா என்று
நேற்றும் கேட்டார்.

நான் 6.40 பஸ்ஸில் வருகிறேன்.