முத்திரை குத்தாத சீட்டு

இன்றைக்கும் செல்லப்பாண்டி அண்ணன்
மின்வாரியக் கடிதம் ஒன்றும்
அப்பாவுக்குக் கூட்டுறவு வங்கி அறிவிப்பு ஒன்றும்
கொடுத்துவிட்டு சைக்கிளைத் திருப்புகிறார்.
"வேற ஒண்ணும் இல்லையாண்ணே?"
"யார்ட்டருந்து எதிர்பாக்குறீக?"
இத்தாலி ரயில்வே என்று சொன்னால்
சாயங்காலத்துக்குள் கல்லுக்கட்டி முழுக்கத் தெரிந்துவிடும்.
"சும்மாதான்" என்றேன்.

பதோவாவில் படித்த இரண்டு வருடத்தில்
பேர்பெற்ற ஊர் எதையும் ஒழுங்காய்ப் பார்க்கவில்லை.
ரோமுக்குச் சேர்த்த காசைக் கடைவாய்ப்பல் தின்றது.
ஐந்து யூரோவுக்குள் போய்வரக்கூடிய ஊர்கள்தான்
என் இத்தாலி.
மொன்செலிசே.
எஸ்தே.
பேரை மென்று முடிப்பதற்குள்
ஸ்டேஷன் வந்துவிடும்.

எஸ்தேயில் இறங்கியது ஒரு ஞாயிறு, உச்சி நேரம்.
செக்காலை ரோட்டிலும் மதியம் ஷட்டர் இறக்குவார்கள்.
ஆனால் ஒரு ஊரையே இறக்கி
நான் அதுவரை பார்த்ததில்லை.
கோட்டைச் சுவரில் சாய்ந்து
எலுமிச்சைச் சோற்று டப்பாவைத் திறந்தேன்.
யாருடையதோ ஒரு நாய் வந்து
கடுகை மட்டும் ஒதுக்கிவிட்டுத் தின்றது.

கியோஜாவுக்குப் பஸ்ஸில் போனோம், நானும் இலாரியாவும்.
மீன் சந்தையில் ஒருத்தி
நெத்திலியைக் கையில் அள்ளி
உங்கள் ஊரில் இதை எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்டாள்.
மிளகு வரைக்கும் வந்துவிட்டேன்.
புளிக்கு வார்த்தை தெரியவில்லை,
முகத்தைச் சுளித்துக் காட்டினேன்.
எலுமிச்சையா? இல்லை.
வினிகரா? இல்லை.
மாங்காய் என்று இலாரியா நடுவில் புகுந்தாள்.
அதுவும் இல்லை.
பனிக்கட்டி உருகி என் செருப்பை நனைக்கும்வரை
மூன்று பேரும் அந்த இல்லையிலேயே நின்றிருந்தோம்.

அந்த வாரமோ அடுத்த வாரமோ,
ஜன்னலில் மூடுபனி அப்பிய பிப்ரவரியில்,
பெர்ராரா போகும் வண்டியில்
பரிசோதகர் வந்தார்.
சீட்டு இருந்தது. முத்திரைதான் இல்லை.
பிளாட்பாரத்து இயந்திரத்தில் குத்த மறந்திருந்தேன்.
ஐம்பது யூரோ என்றார்.
என்னிடம் பதினொன்று.
விலாசம் சொல் என்றார்.
காரைக்குடிக்கு எத்தனை கே என்று கேட்டார்.
எங்கே இருக்கிறது?
தெற்கே.
எதற்குத் தெற்கே?
யோசித்துப் பார்த்து, எல்லாவற்றுக்கும் என்றேன்.
"நானும்தான். லெச்சே" என்று சிரித்தார்.
சிரித்தது சிரித்தபடி,
எழுதியது எழுதியபடி.
வீட்டுக்கு வரும் என்று சொல்லிப் போனார்.

மூன்று வருடமாய் வரவில்லை.

இப்போது ஆய்வுக்கூடத்தில்
உப்புத் தண்ணீரில் தொங்கும் இரும்புத் தகட்டை
எடை போட்டு எழுதுகிறேன்,
போன மாதத்தைவிட எவ்வளவு குறைந்தது என்று.
ராமநாதன் சித்தப்பா பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்:
"கானாடுகாத்தான்ல போட்டுருக்க கல்லெல்லாம் அங்கருந்து வந்ததுதானே,
அந்த மலையைப் பாத்தியா உமையா?"
இல்லை சித்தப்பா, ரெண்டு மூணு ரயில் மாறணும், காசு அதிகம்.
ராமேஸ்வரம் போய்
கடலைப் பார்க்காமல் வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்.
எஸ்தேயைப் பற்றிச் சொல்லலாம்.
அந்த நாயைத் தவிர
சொல்ல அங்கே என்ன இருக்கிறது?

பீரோவில், மதிப்பெண் சான்றிதழ்களுக்கு நடுவே
ஐம்பது யூரோ தாள் ஒன்று வைத்திருக்கிறேன்.
அப்பா ஒருநாள் பார்த்துவிட்டார்.
"நாலாயிரத்துச் சொச்சம் வரும், மாத்திரலாமே."
"அது என் காசு இல்லப்பா."
இந்த ஊரில் அந்த வாக்கியத்துக்கு
மறுகேள்வி கிடையாது.
பீரோவை அவரே சாத்தினார்.

அவர் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாம்.
ஒரு கே குறைந்து
வேறெந்தத் தெற்கிலோ அது அலையலாம்.

அடுத்த மாதம் வீடு மாறுகிறோம்.
கேஸ் ஏஜென்சிக்கு இன்னும் சொல்லவில்லை,
பேங்குக்கும் சொல்லவில்லை.
செல்லப்பாண்டி அண்ணனிடம் மட்டும்
புதுக் கதவிலக்கத்தை இரண்டு தரம் சொன்னேன்.
பச்சை உறையாய் இருக்கும் என்றேன்.
"நல்ல சேதியா?"
"அபராதம்ணே."
சிரித்துக்கொண்டே
உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.