முப்பத்தெட்டுச் சுற்று

எண்ணுவதுதான் என் வேலை.
எட்டங்குல வால்வுக்கு இருபத்தாறு சுற்று,
பன்னிரண்டங்குலத்துக்கு முப்பத்தெட்டு.
நெஞ்சுயரச் சாவியின் இரு கைகளையும் பிடித்து
ரெய்னோவும் மார்லீனும் செக்கிழுப்பதுபோல் சுற்றி வர
நான் உரக்கச் சொல்வேன்.
நடுவில் யாரும் பேசக்கூடாது.
பேசுவார்கள்.

டுலூத் சரிவிலேயே கட்டிய ஊர்.
ஒரு நட்டு கைநழுவினால்
ஏரிக்கரைவரை இறங்கித்தான் தேட வேண்டும்.
அக்டோபர் முடிகிறது.
மண் இறுகுவதற்குள் பதினேழு வால்வுகளை மாற்றியாக வேண்டும்,
இது ஒன்பதாவது.
மூடியில் வார்த்த ஆண்டு 1924.
குழிக்குள் சேறு, ஒரு பொம்மைக் காரின் சக்கரம்,
துருவில் ஊறித் தடித்த தண்டு.

பழையதை வெட்டி எடுக்கும் முன்
ஒருமுறை மூடிப் பார்ப்பது வழக்கம்.
மூடவில்லை.
ஒரு சுற்று இல்லை, கால் சுற்று இல்லை.
ரெய்னோ சாவிக் கையில் இரும்புக் குழாயைச் சொருகி
முழு உடம்பையும் போட்டான்.
"உடைஞ்சா தெருவே ஏரிக்குப் போயிடும்," என்றாள் மார்லீன்.
பிறகு, ஏதோ வாசனை பிடித்தவள்போல,
"எதிர்ப்பக்கம் சுத்து."

ஒன்று.
கிறீச்சிட்டது. இரண்டு.
ஐந்தாவதில் காலடியில் ஏதோ பெருமூச்சு விட்டது.
பன்னிரண்டில் அது ஓட்டமாயிற்று.
யாரும் பேசவில்லை.
முப்பத்தெட்டில் முட்டி நின்றது.

இந்த ஊரில் பாதி வால்வுகள் வலமாகத் திருகினால் மூடும்,
பாதி இடமாகத் திருகினால்.
அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த அட்டையைத் துடைத்துப் படித்தேன்:
1963 ஆகஸ்ட் 14. பழுது நீக்கப்பட்டது.
முப்பத்தெட்டுச் சுற்று. திறந்தது.
கீழே ஹெச். எல். என்று அழகான கையெழுத்து.
அவர் பொய் சொல்லவில்லை.
ஒன்றுகூடக் குறையாமல் எண்ணியிருக்கிறார்.

அறுபது வருடம் இந்த மேல்தெரு
பக்கத்துத் தெருவின் ஆறங்குலக் குழாயில் சிறுகச் சிறுகக் குடித்து
அதுதான் தண்ணீர் என்று இருந்திருக்கிறது.
மனு போட்டார்கள்.
மேடு காரணம் என்று நகராட்சி பதில் போட்டது.
மேட்டை யாரால் என்ன செய்ய முடியும்?

எதிர்வீட்டுக் கதவு திறந்தது.
தலை நிறைய ஷாம்பு நுரையோடு
குளியலங்கியில் வில்மா ஸ்டெங்கார்ட்:
"என்ன பண்ணீங்க? ஷவர் என்னை அடிக்குது!"
ரெய்னோ சிரித்துவிட்டான்.
நானும்.
"பதினஞ்சு நிமிஷம்தான் மேடம்,
அப்புறம் காலைவரை தண்ணி இருக்காது."
அவள் ஓடினாள்.

மார்லீன் சிரிக்கவில்லை.
அவள் வீட்டு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பதினான்கு. பிறகு பதினெட்டு.
நடுவில் ஒரு காலிமனை, காய்ந்த புல்,
எங்கும் போய்ச்சேராத மூன்று கல்படிகள்.
"எந்த வருஷம்?"
ரெய்னோ கையுறையைக் கழற்றினான்.
"எண்பத்தெட்டு. ஜனவரி.
ஹைட்ரன்ட் உறைஞ்சு போச்சுன்னு சொன்னாங்க."
அதற்குமேல் அவன் சொல்லவில்லை,
அவள் கேட்கவில்லை.
ஹைட்ரன்ட் மனைக்கு நேரெதிரே நின்றது,
மஞ்சள் பெயின்ட் புதிதாய் அடித்து.

மேலும் கீழும் அடைத்தோம்.
வெட்டினோம்.
கிரேன் தூக்கியபோது பழைய வால்வின் வாயிலிருந்து
தேநீர் நிறத்தில் கொஞ்சம் கொட்டியது.
புதியது நீலம், உள்ளேயும் வெளியேயும்.
போல்ட் இறுக்கி முடிக்க விடியற்காலை நாலே கால்.
ஏரியில் ஒரு தாதுக் கப்பல் விளக்கோடு போனது.

வேனுக்குள் ஹீட்டர் முன் அட்டையை நிரப்பினேன்.
தேதி. அளவு. வலமாகத் திருகினால் மூடும்.
முப்பத்தெட்டுச் சுற்று.
அடுத்த கட்டத்தில் ஒரே ஒரு சொல் எழுத வேண்டும்.
பேனாவை வைத்துவிட்டு இறங்கினேன்.
சாவியைத் தனியாகத் தூக்கிக் குழிக்குள் இறக்கி
இடப்பக்கம் அழுத்தினேன்.
நகரவில்லை.
வலப்பக்கம் ஒரு சுற்று, வழுக்கிக்கொண்டு வந்தது.
அந்த ஒன்றைத் திருப்பி வைத்தேன்.

"விட்டுப் போச்சா ஏதாவது?" என்றாள் மார்லீன் ஜன்னலை இறக்கி.
பதில் சொல்லாமல்
ஹைட்ரன்டிடம் போய் மூடியைக் கழற்றித் திறந்தேன்.
முதலில் துருப்பிடித்த சிவப்பு, பிறகு மங்கல், பிறகு தண்ணீர்,
தெருவைக் கடந்து
அந்த மூன்று படிகளையும் நனைக்கும் அளவுக்கு.
அவள் இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள்.
மூடச் சொல்லவில்லை.